சோழகம் தள்ளிய காரும் நான் வாங்கிய பெயரும்

நீங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்து ஆறு மாதம் போவதற்குள் யாராவது ஒருவர் கராஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "எயார் இன்டேக் மாத்தினா பவர் கூடுமா?" அவர் கையில் போன் இருக்கும். போனில் ஒரு வீடியோ ஓடும். அதில் ஒருவன் பொனட்டைத் திறந்து, எஞ்சின் மூச்சு எடுப்பதற்குக் கம்பனி பூட்டிய கறுப்புப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பளபளக்கும் குழாயும் கூம்பு ஃபில்டரும் பூட்டி, காரை உறுமவிட்டுக் காட்டுவான். கேட்டவருக்கு நீங்கள் ஒரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பதிலை நான் நாலு வருடம் பிழையாகச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அதனால் பெயரும் எடுத்தேன்.

என்னுடைய கராஜ் நுரைச்சோலையில், பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் ரோட்டோரத்தில் இருந்தது. தொண்ணூறில் மன்னாரைவிட்டு வந்த எனக்கு, கையில் இருந்த தொழில் மட்டும்தான் கூட வந்தது. பிறகு இந்த ரோடுதான் சோறு போட்டது. கற்பிட்டிப் பக்கம் காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும் ஹோட்டல்கள் முளைத்தன, ஹோட்டல்களால் வாடகைக்கு ஹயர் ஓடும் கார்கள் பெருகின, கார்கள் பெருகியதும் என் வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையில் பாதிப் பேர் கேட்டது இன்டேக். நானும் பூட்டினேன். "இன்டேக் நானா" என்று, அதாவது இன்டேக் அண்ணன் என்று, எனக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளுக்குள் எனக்குக் குளிரும்.

நான் ஒன்றும் ஏமாற்றுக்காரன் இல்லை. பூட்டினால் இழுவை கூடும் என்று முழுதாக நம்பினேன். என் நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. எங்கள் கராஜில் ஒரு பழக்கம்: வேலை முடிந்த காரை எடுத்துக்கொண்டு போகிறவர் வீட்டுக்குப் போனதும் எனக்குப் போன் எடுத்துக் கார் எப்படி ஓடியது என்று சொல்லவேண்டும். கற்பிட்டிக்காரர், குறிஞ்சிப்பிட்டிக்காரர் எல்லாரும் எடுத்தார்கள். "மாஷா அல்லாஹ், பறக்குது நானா" என்றார்கள். ஒருவர் இருவர் இல்லை, ஊரே சொன்னது.

தெற்கே முந்தல் பக்கத்தார் மட்டும் வாயைச் சுழித்தார்கள். இறால் பண்ணை வைத்திருந்த ஒருவர் நேரிலேயே வந்து சொன்னார்: "பாஸ், சத்தம்தான் கூடியிருக்கு. கார் அதே கார்தான்." நான் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும், என்னோடு வேலை செய்த சுதாகரனிடம், "முந்தல்காரருக்குத் தங்கத்தில ஃபில்டர் செஞ்சு குடுத்தாலும் குறைதான்" என்றேன். சுதாகரன் வன்னியிலிருந்து வந்தவன், நாற்பது வயது, என்னைவிடக் கெட்டிக்காரன். அன்று அவனும் சிரித்தான்.

இப்போது ஃபஸீலாவிடம் வருகிறேன். குறிஞ்சிப்பிட்டி மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கணவர் கடலில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். இவள் லைசன்ஸ் எடுத்து, ஒரு சின்னக் காரைப் பிடித்து, ஒரு ஹோட்டலுக்கு ஹயர் ஓடினாள். அந்த ரோட்டில் ஹயர் ஓடிய முதல் பெண் அவள்தான் என்று நினைக்கிறேன். ஆண் டிரைவர்கள் செய்த கேலி பகிடிக்கெல்லாம் வாயால் பதில் சொல்லமாட்டாள். நேரத்துக்கு முன்னால் போய் நிற்பாள், அதுதான் அவள் பதில்.

தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று கிளம்பி சீசன் தொடங்கிய நேரம் அவள் வந்தாள்.

"நானா, காரு இழுக்குதில்ல. பெற்றோலும் மிச்சம் குடிக்குது. ஹோட்டல்ல கண்டி ஹயர் தரப் போறாங்க. ஏத்தம் ஏறணும்."

அவள் இரண்டு நோயைச் சொன்னாள். என் காதில் ஒன்றுமே விழவில்லை. "இழுக்குதில்ல" என்ற சொல் வந்ததும் என் கை தானாக அலுமாரிக்குப் போய்விட்டது. அங்கே புதுக் கூம்பு ஃபில்டர் ஒன்று சிவப்பாக உட்கார்ந்திருந்தது. பொனட்டைத் திறந்தேன், பூட்டினேன், மூடினேன். சக்கரத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. பின்னேரம் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து போன் வந்தது. "நல்லாத்தான் ஓடுது நானா" என்றாள். நான் வழக்கம்போலப் பூரித்தேன்.

பத்து நாளாகவில்லை, ஒரு புதன்கிழமை பகல் அவள் திரும்பி வந்தாள். கராஜில் நாலைந்து வாடிக்கையாளர் நின்றார்கள். அவள் காரைவிட்டு இறங்கின விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"நாலு வெள்ளைக்காரரையும் சாமானையும் ஏத்திக்கிட்டுப் போனேன். குருநாகல் தாண்டி கலகெதர ஏத்தத்தில காரு நிண்டுட்டு. ரெண்டு பேரை எறக்கி நடக்க வெச்சேன் நானா. வெயில்ல. மத்தவங்களயும் எறக்கித்தான் வேற வேன்ல அனுப்பினேன். மெனேஜர் செல்லிட்டாரு, வெள்ளிக்கிழமை இன்னொரு கண்டி ஹயர் ஈக்கி, அதுலயும் இப்பிடி நடந்தா கொழும்புக் கம்பனிக்குக் குடுத்துடுவாராம். எனக்கு இந்த ஹயர் இல்லாட்டி வேற வழி இல்ல."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், தெரியும்தானே. அத்தனை பேர் முன்னால் என் ஃபில்டரைக் குறை சொல்கிறாளே என்று பொங்கிவிட்டேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நீங்களே போன் எடுத்து நல்லா ஓடுது எண்டீங்க. இந்த ரோட்டில நூறு பேர் சொல்லுறாங்க பறக்குது எண்டு. பிழை என்ர ஃபில்டர்ல இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அண்டைக்கு நான் இங்கேருந்து வடக்கதானே போனேன். காத்து பின்னால அடிச்சிச்சு. நீங்க எந்தப் பக்கம் ஓட்டிப் பாத்தீங்க நானா?"

நான் ஒரு பக்கமும் ஓட்டிப் பார்க்கவில்லை. என் வாசலுக்கு நேரே தெரியும் காற்றாலைகள் எல்லாம் அந்த நேரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாட்டுக்கே கரண்ட் எடுக்கிற காற்று. அதற்கு ஒரு சின்னக் காரைத் தள்ளுவது பெரிய காரியமா?

கணக்கு அப்படியே மனதில் விரிந்தது. கற்பிட்டிக்காரனும் குறிஞ்சிப்பிட்டிக்காரனும் என்னிடம் வரும்போது தெற்கே வருகிறார்கள், எதிர்க்காற்றில் முக்கி முனகி. ஃபில்டர் பூட்டிக்கொண்டு போகும்போது வடக்கே போகிறார்கள், சோழகம் முதுகைப் பிடித்துத் தள்ள. பறக்காமல் என்ன செய்யும்? முந்தல்காரன் மட்டும் திரும்பிப் போகும்போது எதிர்க்காற்றில் போகிறான். உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் குறைகாரன் ஆக்கினேன். எங்கள் மாவட்டத்தில் மலை இல்லை, ஏற்றம் இல்லை. ஏற்றம் இருந்திருந்தால் முதல் மாதமே குட்டு வெளிப்பட்டிருக்கும். தட்டை நிலத்தில் சத்தத்தை வைத்துத்தான் சக்தியை அளக்கிறார்கள். வாடிக்கையாளர் அளந்தால் பரவாயில்லை, நானும் அப்படியே அளந்தேன்.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, ஒரு மெக்கானிக் எந்த வகை என்று தெரியவரும். "பெற்றோல் சரியில்லை", "நாலு பேர் ஏற்றினால் இப்படித்தான்" என்று சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். நின்றவர்கள் நம்பியிருப்பார்கள். வாய் வரைக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வெயிலில் நடந்த அந்த இரண்டு பேரை நினைத்தேன். ஏற்றத்தில் காரை நிறுத்திவிட்டு, ஆட்களை இறக்கி, அவர்களுக்கு முன்னால் இவள் நின்ற நிலையை நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சுதா, போனை எடு. ஓட்டிப் பாப்பம்" என்றேன்.

ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர்த்துண்டு இருக்கிறது. ஒரு மதகிலிருந்து ஒரு மின்கம்பம் வரை. மூன்றாம் கியரில் நிதானமாக வந்து, மதகைத் தாண்டும்போது முழுதாக மிதிப்பது. கம்பத்தைத் தாண்டும்போது சுதா போனில் நேரத்தை நிறுத்துவான். வடக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம், அது ஒரு ஓட்டம். என் ஃபில்டரோடு நாலு ஓட்டம். பிறகு ரோட்டோரத்திலேயே அதைக் கழற்றி, ஃபஸீலா டிக்கியில் பத்திரமாக வைத்திருந்த கம்பனிப் பெட்டியைப் பூட்டி நாலு ஓட்டம். காரில் அதே மூன்று பேர், அதே டயர் காற்று, அதே சோழகம்.

வடக்கே போனபோது இரண்டும் ஓடின. தெற்கே வந்தபோது இரண்டும் திணறின. ஃபில்டருக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்த வித்தியாசம் சுதாவின் விரல் பிந்துகிற அளவுதான். கடைசியில் காரை ஓரத்தில் கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு, என் ஃபில்டரைத் திரும்பப் பூட்டி ஒரு தரம் ஓடினோம். அதில் கார் இன்னும் மந்தமாகப் போனது. ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியவேண்டும். கம்பனிக்காரன் அந்தப் பெட்டியின் வாயை முன்பக்கம் நீட்டி வைத்தது வெளியில் இருக்கும் குளிர்ந்த காற்று வரத்தான். என் கூம்பு ஃபில்டரோ பொனட்டுக்குள் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எஞ்சின் விட்ட சூட்டையே திரும்ப மூச்சு எடுத்தது. அதோடு குழாயை விரலால் வழித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய மணல். எங்கள் கரையின் மணலை அது எஞ்சினுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

சுதா போனைப் பார்த்துக்கொண்டே, "அண்ணை, உங்கட ஃபில்டரைவிடக் காத்து நல்லா வேலை செய்யுது" என்றான். ஃபஸீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு என் கோபமும் போனது. அங்கே நின்றபடியே முந்தல்காரருக்குப் போன் எடுத்தேன். "தம்பி, நீங்க சொன்னதுதான் சரி. வாங்க, கழற்றித் தாறன்" என்றேன். அவர் மறுமுனையில், "பாஸ், இதைச் சொல்லுறதுக்கு ஒரு மனம் வேணும்" என்றார்.

ஆனால் வெற்றி இன்னும் வரவில்லை. ஃபில்டர் ஒன்றும் தரவில்லை என்பது தெரிந்தது. எந்த ஃபில்டர் போட்டாலும் அந்தக் கார் திணறியதே, அது ஏன்? வெள்ளிக்கிழமைக்கு இடையில் இருந்தது ஒரே ஒரு நாள்.

சுதா எஞ்சினைத் திறக்கலாம் என்றான். பிளக் மாற்றுவோம், இன்ஜெக்டர் கழுவுவோம், அதுவும் சரிவராவிட்டால் இன்னொன்று. அவசரம் வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் கை துறுதுறுக்கும். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன், அவள் சொன்னதைக் கேட்காமல் சாமானை எடுத்தேன். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு, "முதல் நாள் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க தங்கச்சி" என்றேன்.

"காரு இழுக்குதில்ல. பெற்றோல் மிச்சம் குடிக்குது."

நன்றாகக் குடிக்கிறது, ஆனால் போகவில்லை. அப்படியானால் எஞ்சின் வேலை செய்கிறது, செய்த வேலையை யாரோ தின்கிறார்கள். உடனே ஒன்று நினைவுக்கு வந்தது. வடக்கு முனையில் திரும்புவதற்காக ஒவ்வொரு முறையும் மிதித்த காலை எடுத்தேன். பின்னால் அவ்வளவு காற்று அடிக்க, கார் நான் பிரேக் தொடுவதற்கு முன்பே சொல்லிவைத்ததுபோல் நின்றது. நான் அதைக் கவனித்தும் கவனிக்காதவன்போல் விட்டிருக்கிறேன்.

காரை வடக்கே ஓட்டி, வேகம் பிடித்ததும் நியூட்ரலில் போட்டேன். காற்று பின்னால். அந்தக் கார் உருண்டுகொண்டே போயிருக்கவேண்டும். கொஞ்சத் தூரத்தில் நின்றுவிட்டது. இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். முன்னால் இரண்டும் சாதாரணம். பின்னால் வலது இளஞ்சூடு. பின்னால் இடது பக்கம் கையை வைக்க முடியவில்லை, கருகல் மணம் அடித்தது.

"தங்கச்சி, ஹேண்ட் பிரேக்கை எப்பிடிப் போடுவீங்க?"

"இழுக்கிற மட்டும் இழுப்பேன் நானா. கரையில உட்டத இறுக்கிக் கட்டித்தானே வெக்கணும்."

படகுக்காரன் மகள். தண்ணீர் ஓரம் நிறுத்தியதை இறுக்கிக் கட்டாவிட்டால் காலையில் அது அங்கே இருக்காது என்று பழகியவள். உப்புத்தண்ணீர்க் களப்போரத்து வீட்டு வாசலில் காரையும் அப்படித்தான் கட்டினாள், ஒவ்வொரு நாளும், லீவரின் கடைசிப் பல் வரைக்கும். உப்புக் காற்று அந்தக் கேபிளுக்குள் புகுந்து துருப்பிடிக்கவைத்தது. லீவரைக் கீழே விட்டாலும் கேபிள் திரும்பிப் போகவில்லை. பிரேக் பாதி பிடித்தபடியே அவள் சீசன் முழுக்க ஓடியிருக்கிறாள். அந்தக் காரோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலையில் ஏறி, அதே சூடான பிரேக்கோடு திரும்பி இறங்கியும் இருக்கிறாள். இன்டேக்கை விற்றது ஒரு பிழை. அந்த விற்பனையால் இதைப் பார்க்காமல் விட்டதுதான் பெரிய பிழை.

வியாழக்கிழமை சுதா புத்தளத்துக்குப் போய்ப் புதுக் கேபிள் கொண்டுவந்தான். ட்ரம்மைத் திறந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வெந்துபோன பிரேக் கட்டைகளை இரண்டு பக்கமும் மாற்றினோம். கம்பனிப் பெட்டிக்குள் ஒரு சாதாரண காகித ஃபில்டர் புதிதாக வைத்தேன். பகல் தொழுகை முடிந்து வந்து காரை ரோட்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின்னால் நின்று ஒரு கையால் தள்ளினேன். அது போனது. நான் கையை எடுத்த பிறகும் காற்றோடு மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. சுதா பக்கத்தில் நடந்துபோய்க் கதவைத் திறந்து ஏறிப் பிரேக் பிடிக்கவேண்டியதாயிற்று. ஃபஸீலா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருடத் தொழிலில் நான் அவ்வளவு சந்தோசப்பட்டது குறைவு. புதிதாக ஒரு குதிரைச் சக்தியும் நான் அந்தக் காருக்குக் கொடுக்கவில்லை. இருந்ததைத் திருப்பிக் கொடுத்தேன்.

கேட்பவருக்கு இப்போது நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? எஞ்சினையே வேறாகக் கட்டி, கொம்பியூட்டரையும் அதற்கேற்ப மாற்றி, பந்தயத்துக்கு ஓடுகிறவனுக்கு நல்ல இன்டேக் கொஞ்சம் கொடுக்கும், நான் மறுக்கவில்லை. ஹயர் ஓடுகிற, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற, கம்பனி தந்தபடியே இருக்கிற காருக்கு அது கொடுப்பது சத்தம். சத்தம் பிடித்தால் சத்தத்துக்காக வாங்கட்டும், அதில் குற்றமில்லை. இழுவைக்கு என்று கேட்டால், முதலில் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பதானால் போகவும் வரவும் இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். உங்களைப் புகழ்ந்து போன் வந்தால், அவர் எந்தத் திசையில் போனார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் கராஜில் ஒரு வேலையும் செய்யவில்லை. எடுத்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று மூன்று தரம் தேடினேன். அவள் விடியவே புறப்பட்டிருந்தாள், நாலு பேர், அவர்களுடைய பைகள், கூரையில் கட்டிய, கடலில் ஓடும் இரண்டு பலகைகள். குருநாகல் தாண்டியிருப்பாள் என்று நினைத்த நேரத்திலிருந்து போனைக் கையைவிட்டு வைக்கவில்லை. சுதா, "அண்ணை, அது பாத்தாலும் அடிக்காது, பாக்காட்டியும் அடிக்கும்" என்றான். அப்போதுதான் அடித்தது.

"நானா, கலகெதர மேல நிக்கிறேன்."

"காரா?" என்றேன், முட்டாள்மாதிரி.

"காருதான். அண்டைக்கு நிண்ட எடத்தில கியரை மாத்தினேன், அப்பிடியே ஏறிச்சு. மேல வந்து எறங்கித் தொட்டுப் பாத்தேன், நாலு சக்கரமும் ஒரே மாதிரித்தான் ஈக்கி. மெனேஜர் இப்பத்தான் கோல் எடுத்தாரு. சீசன் முடியிற மட்டும் கண்டி ஹயர் எல்லாம் எனக்குத்தானாம்."

"அல்ஹம்துலில்லாஹ். ஆக்கள் எங்க தங்கச்சி? நாலு பேரும்?"

"நாலு பேரும் காருக்குள்ளதான். ஒருத்தரும் எறங்கல்ல."

புதன்கிழமை அவள் சொன்னதைக் கேட்டு நின்றவர்களில் மூன்று பேர் அன்றும் கராஜில் இருந்தார்கள். நான் போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, எல்லாருக்கும் கேட்க நீட்டிப் பிடித்தேன்.

"திரும்ப ஒருக்காச் சொல்லுங்க தங்கச்சி."

"ஒருத்தரும் எறங்கல்ல நானா" என்றாள் ஃபஸீலா, இந்த முறை உரத்து.